எண்ணெயை நிறுத்தியிருந்தால் முசோலினி நின்றிருப்பாரா?

தென்காசி டீச்சர்

போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், இரண்டாம் உலகப் போரை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்?" வழக்கமான பதில் கைவசம் இருந்தது. மியூனிக், 1938 செப்டம்பர், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். அதைச் சொல்லி முடித்ததும் மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே சரியாகப் படவில்லை.

இப்போது கேட்டால் நான் சொல்லும் தேதி 1935 அக்டோபர் 3. அன்று விடிகாலையில் முசோலினியின் இத்தாலியப் படை எரித்ரியாவிலிருந்து மாரெப் ஆற்றைக் கடந்து அபிசீனியாவுக்குள் இறங்கியது. இன்றைய எத்தியோப்பியாதான். போர் அறிவிப்புகூட கிடையாது. இரண்டுமே, ஐ.நா.வுக்கு முன்பு ஜெனீவாவில் இயங்கிய பன்னாட்டுச் சங்கத்தின் உறுப்பு நாடுகள். ஒரு உறுப்பினர் இன்னொருவரைத் தாக்கினால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பொருளாதாரத் தடை போட வேண்டும் என்கிறது சங்க உடன்படிக்கையின் 16வது பிரிவு. அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். நவம்பர் 18இல் தடை அமலுக்கு வந்தது. ஆயுதம் விற்கக்கூடாது, கடன் தரக்கூடாது, இத்தாலியச் சரக்கை வாங்கக்கூடாது.

இத்தாலிக்கு விற்கக்கூடாத பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ரப்பர் இருக்கிறது, வெள்ளீயம் இருக்கிறது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை, ஒட்டகம் என்று பேர் பேராக இருக்கிறது. பெட்ரோலியம் இல்லை. நிலக்கரி இல்லை. எஃகு இல்லை. லாரியிலும் விமானத்திலும் போகிற படைக்குக் கழுதையைத் தடுத்துவிட்டு எண்ணெயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அந்தப் படைக்குப் போன ஆள், குண்டு, மாவு எல்லாம் சூயஸ் கால்வாய் வழியாகத்தான் போயின. கால்வாய்க் கம்பெனியில் 44 சதவீதப் பங்கு பிரிட்டிஷ் அரசாங்கத்துடையது. கால்வாய்க் கரையில் நின்றதும் பிரிட்டிஷ் படைதான். இத்தாலியக் கப்பல்கள் சுங்கம் கட்டின, தாண்டிப் போயின.

எண்ணெய், சூயஸ். இந்த இரண்டில் ஒன்றை மூடியிருந்தால்கூட 1939 வந்திருக்காது என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு நான் திரும்ப ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கப்பல்காரன்

வணக்கம் டீச்சர். நான் சரக்குக் கப்பலில் 31 வருஷம் வேலை பார்த்தவன். சூயஸை எத்தனை தடவை தாண்டினேன் என்று கணக்கு வைக்கவில்லை. பைலட் ஏறுவார், கப்பல் முனையில் பெரிய விளக்கைக் கட்டுவோம், உள்ளூர்ப் படகுக்காரர்கள் தங்கள் படகோடு மேலே ஏறிக்கொள்வார்கள். அப்புறம் பாலைவனத்துக்கு நடுவே ஆட்டோ வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போவோம். கரையில் நிற்கிற சிப்பாய் கொட்டாவி விடுவதுகூட மேல்தளத்திலிருந்து தெரியும். அவ்வளவு ஒடுக்கம். 2021இல் ஒரே ஒரு கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் உலகமே நின்றது ஞாபகம் இருக்கும். எனவே கால்வாயை மூடுவது அரை மணி நேர வேலை. அதை நான் மறுக்கவில்லை.

மூடிய பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் நீங்கள் சொல்லவில்லை.

முதலில் சட்டம். 1888இல் கான்ஸ்டாண்டிநோப்பிளில் கையெழுத்தான ஒப்பந்தப்படி கால்வாய் போர்க்காலத்திலும் எல்லா நாட்டுக் கப்பலுக்கும் திறந்திருக்க வேண்டும். அதை மீறினால் இத்தாலியோடு போர் என்றுதான் அர்த்தம். சரி, சட்டத்தை விடுங்கள். மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவே 100 கிலோமீட்டர்கூட இல்லை. மால்டாவை நம்ப முடியாது என்று பிரிட்டன் தன் மத்தியதரைக் கடற்படையை அலெக்சாந்திரியாவுக்கு நகர்த்திவிட்டது. கடற்படைத் தலைவர்கள் அஞ்சியது இத்தாலியிடம் தோற்பதை அல்ல. ஜெயிப்பதற்குள் நாலைந்து பெரிய கப்பல் போய்விட்டால், கிழக்கே ஜப்பான் காத்திருக்கிறது, வடக்கே ஜெர்மனி கப்பல் கட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு போர்க்கப்பல் கட்ட மூன்று நாலு வருஷம் ஆகும். போனது போனதுதான்.

வகுப்பறையில் உட்கார்ந்து "மூடியிருக்கலாம்" என்று சொல்வது சுலபம், டீச்சர். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செம்பருத்தி

இரண்டு பேருமே ரொம்பத் தாமதமாகத் தொடங்குகிறீர்கள். நான் சொல்லும் தேதி 1930 மார்ச் 27. அன்று பெர்லினில் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. காரணம் தெரியுமா? வேலையில்லாதோர் காப்பீட்டுக்குச் சம்பளத்திலிருந்து பிடிக்கும் தொகையை மூன்றரை சதவீதத்திலிருந்து நாலாக உயர்த்துவதா வேண்டாமா என்ற சண்டை. அரை சதவீதம்! முதலாளிகளின் கட்சி ஒத்துக்கொள்ளவில்லை, தொழிற்சங்கமும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஹிட்லர் வரும் வரை ஜெர்மனியில் நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட அரசே கிடையாது. அடுத்து வந்த பிரதமர் புரூனிங், ஜனாதிபதியின் அவசரச் சட்டத்தில் ஆண்டார். சம்பளத்தை வெட்டினார், உதவித்தொகையை வெட்டினார். 1931 மே மாதம் வியன்னாவில் கிரெடிட்ஆன்ஸ்டால்ட் வங்கி விழுந்தது, ஜெர்மன் வங்கிகளும் பின்னாலேயே விழுந்தன. 1932 தொடக்கத்தில் வேலை இல்லாதவர்கள் 60 லட்சம் பேர். நாஜிகளின் ஓட்டைப் பாருங்கள்: 1928இல் 2.6 சதவீதம், 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. அடுப்பு அணைந்த வீட்டில் ஓட்டு எங்கே போகும்?

முசோலினியை நிறுத்தியிருந்தால் ஹிட்லர் அடங்கியிருப்பார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, தோழர்களே. ஹிட்லர் பதவிக்கு வந்த நாளே போர் பாதி வந்துவிட்டது. அது 1933 ஜனவரி 30.

மஞ்சள்நதி

எல்லாருக்கும் ஐரோப்பாதான் உலகமா?

1931 செப்டம்பர் 18 ராத்திரி. மஞ்சூரியாவில் முக்டன் நகருக்கு வெளியே ரயில் பாதையில் ஜப்பானின் குவாண்டுங் படை தானே வெடி வைத்தது. சீனர்கள் வைத்தார்கள் என்றது. தண்டவாளம் எவ்வளவு சேதமானது? கொஞ்ச நேரம் கழித்து வந்த ரயில் அதே பாதையில் தாண்டி முக்டன் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் சேதம். அதைச் சாக்கு வைத்து ஒரு பெரும் நிலப்பரப்பையே பிடித்தார்கள்.

சங்கம் என்ன செய்தது? லிட்டன் பிரபு தலைமையில் விசாரணைக் குழு. குழு மஞ்சூரியாவுக்குள் போனதே 1932 ஏப்ரலில். அறிக்கை அக்டோபரில். ஓட்டெடுப்பு 1933 பிப்ரவரி 24இல். கண்டனத்துக்கு ஆதரவு 42, எதிர்ப்பு 1. எதிர்த்தது ஜப்பான் மட்டும், சயாம் ஓட்டுப் போடவில்லை. ஜப்பான் பிரதிநிதி மட்சுவோகா எழுந்து மண்டபத்தை விட்டு நடந்தார். அதோடு முடிந்தது. ஜெனீவா வெறும் வாய் என்று முசோலினி கற்றுக்கொண்டது அன்றுதான். டீச்சர் சொல்லும் இடத்துக்கு நாலு வருஷம் முன்பே கதவு உடைந்துவிட்டது. சீனாவுக்கு உலகப் போர் தொடங்கியது 1939 இல்லை, 1937 ஜூலை 7, மார்க்கோ போலோ பாலம். அந்த டிசம்பரில் நான்ஜிங்கில் நடந்த படுகொலையை ஐரோப்பியக் கணக்கில் "போருக்கு முந்தைய காலம்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தென்காசி டீச்சர்

மஞ்சள்நதி தம்பி, உங்கள் ஆத்திரம் நியாயமானது. 1937ஐ நான் "முந்தைய காலம்" என்று இனிமேல் வகுப்பில் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்ட கேள்வி எங்கே தொடங்கியது என்பதல்ல, எங்கே தடுத்திருக்க முடியும் என்பது. மஞ்சூரியாவில் ஜப்பானைத் தடுக்க யார் இருந்தார்கள்? அமெரிக்கா சங்கத்தில் இல்லை, சோவியத் நாடும் அப்போது இல்லை. பிரிட்டன் தங்க நாணய முறையை விட்டு விலகியது செப்டம்பர் 21, முக்டனுக்கு மூன்றே நாள் கழித்து. கஜானாவே ஆடிக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் படையும் இல்லை. அபிசீனியாவில் நிலைமை நேர் எதிர். தாக்குகிறவனின் மூச்சுக்குழாய் தடுக்கிறவனின் கைக்குள் இருந்தது.

செம்பருத்தி, மந்தநிலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் முசோலினியும் அவரும் ஒட்டிக்கொள்ளவில்லையே? 1934 ஜூலை 25இல் வியன்னாவில் ஆஸ்திரியத் தலைவர் டோல்ஃபுஸை நாஜிகள் சுட்டுக் கொன்றபோது ஆஸ்திரிய எல்லையிலுள்ள பிரென்னர் கணவாய்க்குப் படையை நகர்த்தியவர் முசோலினி. ஹிட்லர் பின்வாங்கினார். 1935 ஏப்ரலில் ஸ்ட்ரேசா நகரில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஜெர்மனிக்கு எதிராக ஒன்றாக உட்கார்ந்தன. அடுத்த வருஷமே இத்தாலி அந்தப் பக்கம் போய்விட்டது. 1936 நவம்பரில் முசோலினி, ரோமையும் பெர்லினையும் சேர்த்து "அச்சு" என்று பேசுகிறார். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கும்போது பிரென்னரில் ஒரு சிப்பாய்கூட அசையவில்லை. முசோலினி தலையிடப் போவதில்லை என்று தகவல் வந்ததும் ஹிட்லர் டெலிபோனில் "இதை ஒருநாளும் மறக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1934க்கும் 1938க்கும் நடுவில் என்ன நடந்தது? அபிசீனியாதானே?

கப்பல்காரன்

நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, டீச்சர். இத்தாலி நம் பக்கம் இருந்ததால் ஆஸ்திரியா தப்பித்தது என்கிறீர்கள். அப்படியென்றால் இத்தாலியைப் பகைத்தது தப்பு. எண்ணெயை நிறுத்தி, கால்வாயை மூடி, இன்னும் பலமாக அடித்திருக்க வேண்டும் என்பது எப்படிச் சரியாகும்? பிரான்சின் பிரதமர் லவால் கவலைப்பட்டது இதற்குத்தான். இத்தாலி நண்பன் என்றால் ஆல்ப்ஸ் எல்லையில் நிற்கும் படையை ஜெர்மன் எல்லைக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் காவல்.

இன்னொன்று. தடை இத்தாலிய மக்களை முசோலினிக்கு எதிராகத் திருப்பவில்லை. 1935 டிசம்பர் 18இல் ரோமில் போர்வீரர் நினைவிடத்தின் படியில் எலனா ராணி ஏறி, தன் திருமண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பின்னால் வரிசை வரிசையாகப் பெண்கள். தங்கத்தைப் போட்டுவிட்டு இரும்பு மோதிரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் தாலியைக் கழற்றிக் கொடுப்பதற்குச் சமம். தடையால் வந்த பலன் இதுதான்.

தென்காசி டீச்சர்

அந்த மோதிரங்கள் எனக்கும் மனதை உறுத்துகின்றன, ஐயா. ஆனால் மோதிரத்தை உருக்கி லாரி ஓட்ட முடியாது. பாதித் தடை போட்டதால்தான் இரண்டு பக்கமும் போயிற்று என்கிறேன். கோபம் வரும் அளவுக்கு அடித்தார்கள், நிறுத்தும் அளவுக்கு அடிக்கவில்லை. ஒன்று நண்பனாக வைத்திருக்க வேண்டும், இல்லை முடக்க வேண்டும்.

எண்ணெயை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை முசோலினியே சொல்லியிருக்கிறார். 1938இல் ஹிட்லரிடம் பேசும்போது, எண்ணெய்க்கும் தடை வந்திருந்தால் ஒரு வாரத்தில் அபிசீனியாவை விட்டு வெளியேறியிருப்பேன் என்றார். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பழைய நூலகம்

வேண்டும், டீச்சர். அந்தச் செய்தி ஹிட்லரின் மொழிபெயர்ப்பாளர் பால் ஷ்மிட் போருக்குப் பிறகு எழுதிய நினைவுக் குறிப்பில் வருவது. படையே வரக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்த ஜெர்மனியின் எல்லைப் பகுதியான ரைன்லாந்தில் 1936இல் படை நுழைந்த 48 மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே பதற்றமானது, பிரெஞ்சுக்காரர்கள் வந்திருந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியிருப்போம் என்று ஹிட்லர் சொன்னதாகவும் அதே ஷ்மிட்தான் எழுதுகிறார். ஒரே மனிதரின் ஞாபகம் இரண்டு பெரிய "இப்படி நடந்திருந்தால்" கதைகளையும் தாங்கி நிற்கிறது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முசோலினி அதைச் சொன்ன இடத்தையும் பார்க்க வேண்டும். ஹிட்லர் முன்னால் உட்கார்ந்து, நான் எவ்வளவு பெரிய ஆபத்தைத் தாண்டி வந்தேன் பாருங்கள் என்று பெருமை பேசுகிற இடம். ஒரு வாரம் என்பது பேச்சுக்குச் சொன்னது. கையிருப்பு என்று ஒன்று இருக்குமே.

கப்பல்காரன்

நூலகத்தாருக்கு நன்றி. நான் கேட்க நினைத்ததை அழகாகக் கேட்டுவிட்டீர்கள்.

தென்காசி டீச்சர்

சரி, ஒரு வாரம் என்பதை விட்டுவிடுகிறேன். ஷ்மிட்டையும் விடுகிறேன். வேறு கணக்கு இருக்கிறது. சங்கமே நியமித்த நிபுணர் குழு 1936 பிப்ரவரியில் ஜெனீவாவில் அறிக்கை கொடுத்தது. எல்லாரும் எண்ணெயை நிறுத்தினால் மூன்று முதல் மூன்றரை மாதத்தில் இத்தாலிக்குக் கைகால் ஓடாது என்பது அவர்கள் முடிவு. கையிருப்பையும் வழியில் வந்துகொண்டிருந்ததையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

மற்றத் தடைகளோடு நவம்பர் 18இலேயே எண்ணெயையும் நிறுத்தியிருந்தால்? மூன்றரை மாதம் என்றால் மார்ச் முதல் வாரம். அபிசீனியாவின் கடைசிப் பெரிய படை மாய்ச்சௌவில் உடைந்தது மார்ச் 31. அடிஸ் அபாபா விழுந்தது மே 5. எண்ணெய் தீரும் தேதி அந்தச் சண்டைக்கு முன்னால் வருகிறது.

கப்பல்காரன்

"எல்லாரும் நிறுத்தினால்." இந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கா சங்கத்தில் இல்லை. 1935 ஆகஸ்டில் அவர்கள் போட்ட நடுநிலைச் சட்டம் ஆயுதத்தைத் தடுத்தது, எண்ணெயைத் தடுக்கவில்லை. வழக்கத்தைவிட அதிகமாக அனுப்பாதீர்கள் என்று அரசாங்கம் வாயால் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். கம்பெனிகள் கேட்கவில்லை, இத்தாலிக்குப் போன அமெரிக்க எண்ணெய் ஏறத்தான் செய்தது. நீங்கள் சொல்லும் நிபுணர் குழுவே அமெரிக்கா பழைய அளவோடு நிறுத்திக்கொண்டால் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. கப்பலில் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன், நல்ல வாடகை கிடைத்தால் எந்த நாட்டுக் கொடியும் வந்து சரக்கை ஏற்றும்.

மஞ்சள்நதி

அமெரிக்காவை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? இத்தாலிக்கு எண்ணெய் கொடுத்தவர்களில் ருமேனியா உண்டு, சோவியத் நாடும் உண்டு. செம்பருத்தி அக்கா இதற்கு என்ன சொல்கிறார்?

செம்பருத்தி

உண்மைதான். சோவியத் எண்ணெய் போனது. மற்றவர்கள் நிறுத்தினால் நாங்களும் நிறுத்துகிறோம் என்று சோவியத் வெளியுறவு அமைச்சர் லிட்வினோவ் ஜெனீவாவில் சொன்னார். ஆனால் மற்றவர்கள் நிறுத்தும் வரை விற்றார்கள். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அபிசீனியாவில் ஒரு கிராமத்தின் மேல் பறந்த விமானத்தில் சோவியத் நாட்டுப் பாகு நகரத்து எண்ணெய் இருந்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஆனாலும் என் மூலக் கேள்வி அப்படியே இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு ஏன் எண்ணெயைத் தொடவில்லை? மக்கள் தயாராக இருந்தார்கள். 1935இல் நடந்த அமைதி வாக்கெடுப்பில் ஒரு கோடியே 15 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். தாக்குகிற நாட்டுக்குப் பொருளாதாரத் தடை வேண்டும் என்றவர்கள் ஒரு கோடி. தேவைப்பட்டால் ராணுவ நடவடிக்கையும் சரி என்றவர்கள் 67 லட்சத்துக்கும் மேல். சங்கத்தின் பக்கம் நிற்போம் என்று சொல்லித்தான் பிரதமர் பால்ட்வின் நவம்பர் 14 தேர்தலில் ஜெயித்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய வெளியுறவு அமைச்சர் சாமுவேல் ஹோர் பாரிஸில் லவாலோடு உட்கார்ந்து அபிசீனியாவின் பெரும்பகுதியை முசோலினிக்குக் கொடுக்க ரகசியமாகத் திட்டம் போட்டார். பாரிஸ் பத்திரிகைகளில் அது கசிந்தது, டிசம்பர் 18இல் ஹோர் ராஜினாமா செய்தார்.

தென்காசி டீச்சர்

அதே டிசம்பர் 18. ரோமில் ராணி மோதிரம் கொடுத்த நாள், லண்டனில் ஹோர் பதவி விலகிய நாள். இரண்டையும் ஒரே நாளாக நான் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை, செம்பருத்தி. நன்றி.

இன்னொரு தேதிக் கோவை சொல்கிறேன், இதுதான் எனக்கு முக்கியம். 1936 மார்ச் 2, திங்கள்கிழமை. ஹோருக்குப் பின் வந்த ஈடன் ஜெனீவாவில் எழுந்து, எண்ணெய்த் தடைக்குப் பிரிட்டன் தயார் என்கிறார். பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ஃப்ளாண்டான், இன்னொரு தடவை சமாதானம் பேசிப் பார்க்கலாம், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கிறார். பொறுத்தார்கள். அந்த வாரமே சனிக்கிழமை, மார்ச் 7, ஹிட்லரின் மூன்று பட்டாளங்கள் ரைன் நதியைக் கடந்து ஆஹன், டிரியர், சார்ப்ரூக்கன் நோக்கி நடந்தன. எண்ணெய்த் தடை பேச்சு அன்றோடு செத்தது. ஹிட்லருக்கு எதிராக இத்தாலியும் வேண்டுமே, இப்போது போய் எப்படி அடிப்பது என்றார்கள். ரைன்லாந்தைத் தனியாகப் பேசுகிறவர்கள் இந்த ஐந்து நாளைப் பார்ப்பதில்லை.

அதே மார்ச் மாதம் நேரு, மனைவி கமலாவை இழந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் ரோமில் இறங்கினார். முசோலினி பார்க்க விரும்புகிறார் என்று அழைப்பு மேல் அழைப்பு. அவர் போகவில்லை. அபிசீனியப் போர் நடக்கும்போது அந்தச் சந்திப்பை விளம்பரமாக்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். துக்கத்தில் இருந்த ஒரு மனிதருக்கு, அரசாங்கப் பதவி எதுவும் கையில் இல்லாதவருக்கு அது முடிந்தது.

கப்பல்காரன்

ரைன்லாந்துக்கே வருகிறேன். பிரான்ஸ் ஏன் போகவில்லை? கமெலின் தளபதி, பொதுப் படைதிரட்டல் இல்லாமல் முடியாது என்றார். ஊரில் இருக்கும் ஆணையெல்லாம் பட்டறையிலிருந்தும் வயலிலிருந்தும் கூப்பிட வேண்டும். ஏப்ரல் கடைசியில் தேர்தல். ஆண்டது அதுவரைக்கான இடைக்கால அரசு. உடனே பாய்ந்து அடிக்க ஒரு சிறு படைகூட அவர்கள் தயார் செய்து வைக்கவில்லை. 1914க்கும் 1918க்கும் நடுவே ஏறத்தாழ 14 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கல்தூணில் பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள். சின்ன ஊரில்கூட ஒரே வீட்டுப்பேர் மூன்று தடவை வரும். துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர்களில் நான் நின்று படித்திருக்கிறேன். அந்தத் தூணுக்கு எதிரே குடியிருப்பவனிடம் போய் மறுபடி வா என்று யார் சொல்வது?

மியூனிக்கும் அப்படித்தான். 1938 ஆகஸ்டில்தான் முதல் ஸ்பிட்ஃபயர் விமானம் பிரிட்டிஷ் படைப்பிரிவுக்கே வந்து சேர்ந்தது. செப்டம்பரில் லண்டனில் பூங்காக்களில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மியூனிக்கில் கையெழுத்துப் போட்ட பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லைன் ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்தார்.

மஞ்சள்நதி

அந்த ஒரு வருஷம் ஹிட்லருக்கும்தானே கிடைத்தது? செக் நாட்டின் தொழிற்சாலைகளும் டாங்குகளும் 1939 மார்ச்சில் அப்படியே அவர் கைக்குப் போயின. 1940இல் பிரான்சுக்குள் பாய்ந்த ஜெர்மன் தளபதி ரோமலின் படைப்பிரிவு செக் டாங்குகளில்தான் போனது.

பழைய நூலகம்

காலம் வாங்கியதைப் பற்றிப் பேசுவதால் இதையும் சேர்க்கிறேன். 1939 ஆகஸ்டில், ஹிட்லரைத் தடுக்க மாஸ்கோவோடு ராணுவ உடன்பாடு பேச பிரிட்டனும் பிரான்சும் குழு அனுப்பின. விமானத்தில் அனுப்பவில்லை. 'சிட்டி ஆஃப் எக்ஸிடர்' என்ற மெதுவான பயணிகள் கப்பலில் ஆகஸ்டு 5இல் ஏற்றினார்கள். 11இல்தான் மாஸ்கோ சேர்ந்தார்கள். அங்கே சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வோரோஷிலோவ், கையெழுத்துப் போட உங்களுக்கு எழுத்து மூலமான அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டார். பிரிட்டிஷ் குழுத் தலைவர் டிராக்ஸிடம் இல்லை. 23ஆம் தேதி ஹிட்லரின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் விமானத்தில் வந்தார், அன்று ராத்திரியே ஜெர்மனி–சோவியத் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

கப்பல்காரன்

அந்தக் கப்பல் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். மாஸ்கோ வேண்டாம் என்று மனதுக்குள் நினைத்தவர்கள்தான் அப்படிக் கப்பல் பிடிப்பார்கள்.

ஆனால் டீச்சர், உங்கள் மாணவியிடம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவெடுத்தவர்கள் கோழைகள் இல்லை. பலர் முந்தைய போரில் சொந்தக்காரர்களை இழந்தவர்கள்.

தென்காசி டீச்சர்

சொல்கிறேன், ஐயா. கல்தூண் பற்றியும் சொல்கிறேன். ஆனால் கூடவே இன்னொன்றையும் சொல்வேன். 1935 டிசம்பர் கடைசியிலிருந்து இத்தாலிய விமானங்கள் கடுகு வாயுவைக் கொட்டின. விஷ வாயு கூடாது என்ற 1925 ஜெனீவா உடன்படிக்கையில் இத்தாலி கையெழுத்துப் போட்ட நாடு. முதலில் குண்டாகப் போட்டார்கள். பிறகு விமானத்தில் தெளிப்பான் பொருத்தி, ஒன்பது, பதினைந்து, பதினெட்டு என்று விமானங்களை வரிசையாக அனுப்பி, மழை மாதிரித் தெளித்தார்கள். ஆட்கள் மேல், மாடுகள் மேல், ஆறு குளம் மேல், மேய்ச்சல் நிலத்தின் மேல். செஞ்சிலுவைக் கூடாரத்தின் மேலும் குண்டு விழுந்தது.

இதையெல்லாம் பேரரசர் ஹைலே செலாசி 1936 ஜூன் 30இல் ஜெனீவா மண்டபத்தில் நின்று சொன்னார். அவர் மேடைக்கு வந்ததும் மாடத்திலிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசில் அடித்தார்கள், கத்தினார்கள். ருமேனியாவின் டிட்டுலெஸ்கு எழுந்து, இந்தக் காட்டுமிராண்டிகளை வெளியேற்றுங்கள் என்று கூவினார். பேரரசர் காகிதத்தைக் கையில் பிடித்தபடி அமைதியாக நின்றார். சத்தம் அடங்கிய பிறகு தன் சொந்த மொழியான அம்ஹாரிக்கில் படித்தார்.

கப்பல்காரன்

அந்தப் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே அவர் கேட்டது என்ன? படையா?

தென்காசி டீச்சர்

படை கேட்கவில்லை. இரண்டு தீர்மானம் கொண்டுவந்தார்கள். இத்தாலி பிடித்ததை அங்கீகரிக்காதீர்கள் என்பது ஒன்று. அதை ஓட்டுக்கே விடவில்லை. இன்னொன்று, நாட்டுக்காகத் தொடர்ந்து போராட ஒரு கோடி பவுண்டு கடனுக்குச் சங்கம் உத்தரவாதம் தர வேண்டும் என்பது. ஜூலை 4இல் ஓட்டு. எதிர்ப்பு 23. ஓட்டுப் போடாதவர்கள் 25. ஆதரவு 1, அதுவும் எத்தியோப்பியா தனக்குத் தானே போட்ட ஓட்டு. அதே மாதம் எல்லாத் தடைகளையும் எடுத்துவிட்டார்கள், கழுதைத் தடை உள்பட.

கப்பல்காரன்

இந்த ஓட்டு எனக்குத் தெரியாது, டீச்சர். கடன்கூடவா?

எண்ணெய் விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. அமெரிக்கா இல்லாமல் ஓடியிருக்காது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் கடனுக்குப் போர்க்கப்பல் தேவையில்லை, மால்டா தேவையில்லை. நான் முன்னால் அடுக்கிய காரணம் ஒன்றுகூட அதற்குப் பொருந்தாது. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அடுத்த வாரம் இங்கே எழுதுங்கள்.